இறங்காதவர்கள்

பஸ் பெல்ஃபாஸ்டை விட்டு வெளிக்கிட்டதில் இருந்து நிரோஜினியின் வலது கை கழுத்தில் தொங்கிய துணிப்பையை விட்டு விலகவில்லை. பாஸ்போட் அதற்குள்தான் இருந்தது. பாஸ்போட்டுக்குள் பிரித்தானிய விசா இருந்தது, அயர்லாந்தில் தங்கிப் படிப்பதற்கான அட்டை இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தும் பையின் சிப்பை இழுத்து விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். தடவினால் கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு அடங்கும். பிறகு, தடவியது வேறு ஏதும் மட்டையாக இருந்தால் என்று தொடங்கும். டப்ளினில் அவள் படிக்கிற கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் சங்கம் ஏற்பாடு செய்த ஒருநாள் பயணம் இது. காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவது. ஒரே தீவுதான், ஒரே புல், ஒரே மாடு, ஒரே மழை, ஆனால் வடக்குத் துண்டு பிரித்தானியாவோடு சேர்ந்தது என்பதால் அது வேறு நாடு. டப்ளினில் படிக்கிற இலங்கைக்காரிக்கும் இந்தியாக்காரிக்கும் அங்கே போக வேறு விசா வேண்டும். பஸ்ஸில் இருந்த பிரேசில்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் பின்சீற்றில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் போகும்போது எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாவடி இல்லை, மரக்கட்டை இல்லை, மண்மூட்டை இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடம் என்றால் அது வரும் மட்டும் பயந்து, கடந்த பிறகு மூச்சு விடலாம். இது எங்கே இருக்கிறது என்று தெரியாதபடியால் வழி முழுக்கப் பயப்பட வேண்டியிருந்தது. "அந்தப் பைய நோண்டிக்கிட்டே இருக்காத புள்ள, ஓட்டை விழுந்துரும்" என்றாள் பக்கத்துச் சீற்றில் இருந்த சௌபர்ணிகா, கண்ணைத் திறக்காமலே.

சௌபர்ணிகா காங்கேயத்துக்காரி. உணவுப் பாதுகாப்பு முதுகலை வகுப்பில் தமிழ் கதைக்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். முதல் வாரம் ஆய்வுகூடத்தில் "என்ற கையுறை எங்க போச்சு" என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்ததைக் கேட்டு நிரோஜினி திரும்பிப் பார்த்தாள். என்ர. என்னுடைய என்பதற்கு வவுனியாவில் அம்மா சொல்லுகிற அதே என்ர. கடலுக்கு அந்தப் பக்கம் காங்கேயத்திலும் அந்தச் சொல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார்கள், ஒரே சோற்றுப்பானையில் சமைத்தார்கள். நிரோஜினி 'நீங்கள்' என்பாள், சௌபர்ணிகா 'நீ' என்பாள், 'புள்ள' என்பாள், அது இரண்டு பேருக்கும் பழகிப்போயிற்று. நெஞ்சில் பயம் என்று ஒரு உறுப்பை வைக்காமலே சௌபர்ணிகாவைப் படைத்துவிட்டார்கள் போல. இரண்டு கிழமைக்கு முன்னால் அவளுடைய தங்கும் அட்டை காலாவதியாகிவிட்டது. புதுசுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரித்தானிய விசா எடுக்கவே இல்லை. பாஸ்போட்டை அறையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், மழையில் நனையும் என்று. காலையில் பஸ் ஏறும்போது "நீங்கள் வராமல் நிண்டால் நல்லம்" என்று நிரோஜினி சொன்னாள். "எனக்குப் பயமாக் கிடக்கு." சௌபர்ணிகா சிரித்தாள். "உனக்கெதுக்குப் பயம்? உன்றகிட்டதான் எல்லாம் இருக்குதே. போன வருசம் சீனியருங்க அத்தனை பேரும் இப்பிடித்தான் போயிட்டு வந்தாங்க. கம்முனு ஏறு." உன்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே. அந்த வசனம் காலையில் இருந்து நிரோஜினியின் தலைக்குள் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் இருப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காது என்று யார் சொன்னது? அப்பாவிடம் எல்லாம் இருந்தது. அடையாள அட்டை இருந்தது, கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிற கடிதம் இருந்தது. வேண்டாம். அங்கே போகக் கூடாது. யன்னலுக்கு வெளியே செம்மறிகள், முதுகில் நீல மையால் அடையாளம் போட்டுவிட்ட செம்மறிகள், எந்தச் செம்மறி யாருடையது என்று தெரிவதற்காம், பிடிக்கிறவனுக்கு வசதியாக. அங்கேயும் போகக் கூடாது.

மத்தியானம் அவர்களைச் சுவர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். கத்தோலிக்கர் தெருவுக்கும் புரட்டஸ்தாந்துக்காரர் தெருவுக்கும் இடையில் எழுப்பிய சுவர், வீட்டுக் கூரைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற சுவர். சண்டை முடிந்து எத்தனையோ வருசம், இன்னும் இடிக்கவில்லை; இடிக்கச் சொன்னால் பக்கத்தில் குடியிருக்கிறவர்களே வேண்டாம் என்கிறார்களாம். வழிகாட்டி வயதான மனிதர், மென்மையான குரல், மூக்கில் மழைத்துளி தொங்கியது, துடைக்காமலே கதைத்தார். அந்தக் காலத்தில் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், என்றார். வீட்டில் இருந்து, வேலையில் இருந்து. பிறகு அவர்களைக் காணவில்லை. பல வருசத்துக்குப் பிறகு சிலரின் உடல்கள் சதுப்பு நிலத்தில் கிடைத்தன, சிலரை இன்னும் தேடுகிறார்கள். சதுப்பில் உடம்பு கெடாது என்றும் சொன்னார், எல்லாரும் "ஓ" என்றார்கள். ஒரு பிரெஞ்சுப் பெடியன் அதை எழுதிக்கொண்டான். உல்லாசப் பயணிகள் சுவரில் பெயர் எழுதுவதற்கென்று பேனா கொடுத்தார்கள். சௌபர்ணிகா எட்டி எட்டி நின்று தமிழில் இரண்டு பேருடைய பெயரையும் எழுதினாள், படம் எடுத்தாள், "நீயும் வந்து நில்லு புள்ள" என்று கூப்பிட்டாள். நிரோஜினி போய் நின்றாள், சிரித்தாள் என்றுதான் படம் சொல்லும். ஆனால் அவள் அப்போது உவர் மண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். மன்னார்ப் பக்கத்து மண் உவர் மண். உவரில் உடம்பு கெடுமா, கெடாதா? உணவுப் பாதுகாப்பு படிக்கிறவளுக்குத் தெரிய வேண்டும். உப்பு நீரை இழுக்கும், நுண்ணுயிர் பெருகாது, கருவாடு அப்படித்தான் நிற்கிறது. முதலாம் தவணையில் அந்தக் கேள்விக்கு அவளுக்குத்தான் வகுப்பிலே கூடின புள்ளி.  சோதனை எழுதி முடித்து வெளியே வந்து கழிவறைக்குள் போய்ச் சத்தி எடுத்தாள். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, சௌபர்ணிகாவுக்குக் கூட. சௌபர்ணிகாவுக்கு அப்பாவைப் பற்றியே தெரியாது. "அப்பா இல்லை" என்று சொன்னபோது அவள் "ஐயோ, எப்ப தவறினாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு வருசமும் மாதமும் கையில் இல்லாதபடியால் நிரோஜினி "நான் சின்னனா இருக்கேக்க" என்று முடித்துவிட்டாள்.

எட்டு வயது. மன்னாரில் பெரியம்மாவின் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. வவுனியாவில் இருந்து பஸ். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி கடித்தது, அது நிச்சயமாக அவளுடைய ஞாபகம்தான், ஏனென்றால் கழுத்துப்பட்டி கடித்ததை வேறு யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. மற்றதெல்லாம் அப்படி இல்லை. எது கண்டது, எது கேட்டது என்று பிரிக்க முடியாமல் குழம்பிக் கிடந்தது. வழியில் இருந்த இராணுவச் சாவடியில் வழமையாக எல்லாரும் இறங்கி நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். அன்றைக்கு ஆம்பிளைகள் மட்டும் என்றார்கள். அப்பா எழும்பினார். எழும்பும்போது ஏதோ சொன்னார். அங்கேதான் ஒவ்வொரு தரமும் மாட்டுப்படும். "இப்ப வாறன்" என்று சொன்னதாக அவளுக்கு ஞாபகம். ஆனால் காணாமல்போன எல்லாத் தகப்பனும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் அப்பா இல்லாத மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள், அதனால் அது தன்னுடைய அப்பாவின் சொல்தானா, எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த சொல்லா என்று அவளுக்குச் சந்தேகம். அம்மாவைக் கேட்டால், "தண்ணிப்போத்தல் சீற்றுக்குக் கீழ கிடக்கு எண்டவர்" என்பாள். ஒருவேளை அவ்வளவுதானோ. ஒரு மனிதன் கடைசியாக விட்டுவிட்டுப் போனது ஒரு போத்தல் இருக்கிற இடமோ. அப்பா இறங்கினார், இன்னும் சிலர் இறங்கினார்கள், கொஞ்சப் பேர் திரும்பி ஏறினார்கள். கண்டக்டர் வந்து அம்மாவின் சீற்றுக்குப் பக்கத்தில் நின்றான். "அக்கா, பஸ்ஸை எடுக்கச் சொல்லுறாங்கள்" என்றான். சொல்லிவிட்டு நின்றான். அம்மாவின் மடியில் தம்பி ஆதவன், யன்னல் கரையில் இவள். அம்மா முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பஸ் வெளிக்கிட்டது. அவர்கள் சாமத்தியவீட்டுக்குப் போனார்கள், இவள் பயற்றம்பணியாரம் தின்றாள், இரண்டோ மூன்றோ தின்றாள், அதுவும் அவளுடைய சொந்த ஞாபகம்தான், இனிப்பு நாக்கில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவைத் தேடி அம்மா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸை விட்டு மட்டும் இறங்கவில்லை. பெரியவளான பிறகு ஒருநாள் நிரோஜினி கேட்டாள்: "நீங்கள் ஏன் இறங்கேல்லை?" அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அரிசி போட்டு முடித்தாள், அகப்பையால் துழாவினாள். "படிச்சு முடிச்சிட்டியோ, போய்ப் படி" என்றாள். நிரோஜினி போய்ப் படித்தாள். கோபத்தில் படித்தாள். படித்துப் படித்து அயர்லாந்து மட்டும் வந்துவிட்டாள். அம்மாவுக்காக எத்தனையோ காரணங்களை அவளே செய்து வைத்திருந்தாள்: மடியில் பிள்ளை, பக்கத்தில் பிள்ளை, வெளியே இராணுவத்தின் துவக்கு, இறங்கியிருந்தால் மூன்று பேருக்கும் என்ன நடந்திருக்குமோ. எல்லாம் சரியான காரணங்கள். ஆனாலும் நான் என்றால் இறங்கியிருப்பேன் என்று உள்ளுக்குள் ஓரத்தில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலைத் தூணாகப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருசமும் நின்றாள்.

"ஏய், மஞ்சக்கோடு!" என்று சௌபர்ணிகா தோளில் இடித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. வடக்கில் ரோட்டோரக் கோடு வெள்ளை, தெற்கில் மஞ்சள்; காலையில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் கோடு நிறம் மாறியதும் பின்சீற்றில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நிரோஜினியின் போன் வரவேற்புச் செய்தியால் அதிர்ந்தது. "பாத்தியா, ஒன்னுமே ஆவலை. நாளைக்கு எனக்குத் தோசை சுட்டுக் குடு, சும்மா பயந்து என்ற ட்ரிப்பக் கெடுத்ததுக்கு." நிரோஜினி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். கால்விரல்கள் சப்பாத்துக்குள் விரிந்தன, பசித்தது, காலையில் இருந்து பசிக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. பையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளங்கை வேர்த்துச் சுருங்கியிருந்தது, யாரோ வேறொருத்தியின் கை போல. இனி எந்த நாட்டுக்கும் போகக் கூடாது, அறை, ஆய்வுகூடம், நூலகம், அவ்வளவும் போதும் என்று நினைத்தாள், அப்படி நினைப்பதே சுகமாக இருந்தது. தோசைக்கு உளுந்து இருக்கிறதா? அரைத் தகரப்பேணி இருக்கும். அப்போது பஸ் வேகம் குறைந்தது. முன்னுக்கு இரண்டு செம்மஞ்சள் கூம்புகள். ரோட்டோரத்தில் ஒரு வெள்ளை வான் வண்டி. மழையங்கி போட்ட ஒருவன் கையை உயர்த்தினான், அவசரமே இல்லாமல், தெரிந்தவருக்குக் கை காட்டுவது போல. பின்சீற்றில் பாட்டு நிற்கவில்லை. நிரோஜினியின் உடம்பு மட்டும் அதற்கு முன்னமே நின்றுவிட்டது. காதுக்குள் ஒரு இரைச்சல், அதற்குள் கழுத்துப்பட்டி கடிக்கிற கடி, இப்போது போட்டிருப்பது கழுத்துப்பட்டி இல்லாத பருத்திச் சட்டை என்று அறிவு சொன்னது, கழுத்து கேட்கவில்லை.

ஏறி வந்த குடிவரவு அதிகாரி இளம் ஆள். முகம் முழுக்கப் புள்ளி விழுந்த சிவந்த தோல், கண்ணிமையில் மழை. இடைஞ்சலுக்கு மன்னிக்க வேண்டும், வழமையான சோதனைதான், என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். முன்சீற்றுகளில் சிலரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடந்தான், சிலரிடம் நின்றான். யாரிடம் நிற்கிறான், யாரைக் கடக்கிறான் என்பதை அவள் எண்ணாமலே உடம்பு எண்ணிக்கொண்டது. இவர்கள் சீற்றில் நின்றான். நிரோஜினி எல்லாவற்றையும் கொடுத்தாள். அவன் பார்த்தான், நன்றி சொன்னான், திருப்பித் தந்தான். அவ்வளவுதான். அத்தனை வருசப் பயத்துக்கு அத்தனை சின்ன நேரம். பிறகு சௌபர்ணிகா. அவள் போனில் மின்னஞ்சலைக் காட்டினாள், கல்லூரி அட்டையைக் காட்டினாள், சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினாள். அவன் குனிந்து வாசித்தான். பாஸ்போட் இருக்கிறதா? இல்லை, அறையில். வடக்கே போக விசா இருந்ததா? சௌபர்ணிகா சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு போனை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கொஞ்சம் கீழே வந்து கதைக்க முடியுமா, என்றான் அவன். ஒன்றும் கவலைப்பட வேண்டாம், சில விபரங்கள் பார்க்க வேண்டும். சௌபர்ணிகா எழும்பினாள். எழும்பிய பிறகுதான் அவள் முகத்தில் இருந்து சிரிப்பு விழுந்தது. அந்த முகத்தை நிரோஜினி இதுவரை கண்டதில்லை. "புள்ள, நீயும் கூட வர்றியா?" என்றாள் தமிழில். "இவன் பேசறது எனக்குப் பாதி புரிய மாட்டேங்குது. நீ சும்மா பக்கத்துல நின்னாப் போதும்." அதிகாரி இரண்டு பேரையும் பார்த்தான். நீங்கள் ஒன்றாகப் பயணம் செய்கிறீர்களா, என்று நிரோஜினியைக் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். ஓம், ஆமாம், என்று ஒரு சொல் போதும். ஓரறை, ஒரு பானை, ஓம். வாய் திறந்தது. "நாங்கள் ஒரே வகுப்பு" என்று அவளுடைய ஆங்கிலம் சொன்னது. திருத்தமான ஆங்கிலம், இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலம். பொய்யும் இல்லை. அவன் தலையாட்டினான். சௌபர்ணிகா கொஞ்ச நேரம் நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. பிறகு, "செரி, நீ இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிரோஜினிக்குச் சுகமில்லை என்று கண்டு இரங்கியவள் போலச் சொன்னாள். படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்தாள், மழைக்குள் தலையைக் குனிந்தாள், வானின் கதவு இழுபட்டது.

எழும்பு. இப்போது எழும்பலாம். பஸ் நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, இடையில் இருப்பது கொஞ்ச நடை. துவக்கு இல்லை. மடியில் பிள்ளை இல்லை. கழுத்தில் எல்லாக் கடதாசியும் இருக்கிறது, இந்த பஸ்ஸிலேயே இறங்கிப்போய் அவள் பக்கத்தில் நிற்கத் தகுந்த ஆள் என்றால் அது இவள் ஒருத்திதான். ஒருவரும் இவளை அடிக்கப்போவதில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கதவைத் திறப்பார்கள். எழும்பு. பயணத்துக்குப் பொறுப்பான ஈமன் என்ற பெடியன் இறங்கிப்போய் வானுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தான், நனைந்து திரும்பி வந்தான், சாரதியிடம் ஏதோ சொன்னான். பிறகு எல்லாருக்கும் சொன்னான்: அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம், கல்லூரிக்கு அறிவித்துவிட்டேன், சாரதியின் வேலை நேரம் முடிகிறது, நாங்கள் வெளிக்கிட வேண்டும். சொல்லிவிட்டு நிரோஜினியின் சீற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "நீ அவளுடைய சிநேகிதிதானே? இங்கே நிற்க விரும்புகிறாயா?" அவன் நின்றான். அவள் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முன்சீற்றின் முதுகில் துணி கிழிந்து மஞ்சள் பஞ்சு தெரிந்தது, அதைப் பார்த்தாள், அதில் ஒரு கறை, அதைப் பார்த்தாள். முழங்கால்கள் நன்றாகத்தான் இருந்தன. அவை எழும்பவில்லை, அவ்வளவுதான். கதவு மூடிய சத்தம் கேட்டது. பஸ் அசைந்தது. வானின் பின்விளக்குகள் யன்னலுக்கு வந்து, வழுகிப் பின்னுக்குப் போயின. அப்போதுதான் அம்மாவுக்காகத் தான் செய்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் அவிழ்ந்து விழுந்தன. பிள்ளைகளுக்காக இல்லை. துவக்குக்காகவும் இல்லை. அவை எல்லாம் இருந்தன, உண்மைதான், ஆனால் அவற்றுக்குக் கீழே காரணம் என்று ஒன்று இருக்கவில்லை. சீற் இருந்தது. சீற்றில் ஒரு உடம்பு இருந்தது. அது எழும்பவில்லை. பதில் வைத்துக்கொண்டு அம்மா ஒளிக்கவில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை. உலைக்குள் அகப்பையால் துழாவித் துழாவி அம்மா தேடியது அதைத்தானோ என்னவோ. நான் என்றால் இறங்கியிருப்பேன் என்று சொன்ன அந்தக் குரலை நிரோஜினி கூப்பிட்டுப் பார்த்தாள்.  பின்சீற்றில் யாரோ மெதுவாகத் திரும்பவும் பாட்டைத் தொடங்கி, ஒருவரும் சேராதபடியால் நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்துச் சீற்றில் பாதி தின்ற உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற் ஒன்று பஸ் திரும்பும்போதெல்லாம் சரிந்து அவள் தொடையில் முட்டியது. அதை எடுத்து வைக்கவும் கை வரவில்லை.

போன் அடித்தது. அம்மா. வவுனியாவில் படுக்கிற நேரம் தாண்டியிருக்கும், இவள் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேட்காமல் அம்மா படுக்கமாட்டாள்.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"பஸ்ஸில. டப்ளினுக்கு வந்துகொண்டிருக்கிறம்."

"வழியில செக்கிங் ஏதும் இருந்ததோ?"

"இல்லை."

"அப்பாடா." அம்மா மூச்சு விட்டது இங்கே கேட்டது. "இண்டு முழுக்க எனக்கு நெஞ்சு ஒரு மாதிரித்தான் இருந்தது. சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"அந்தக் காங்கேயம் பிள்ளை பக்கத்திலதானே இருக்குது? ஒருக்காக் குடு, ரெண்டு சொல்லுக் கதைப்பம். அவ கதைச்சா எனக்கு ஒரு தெம்பு."

நிரோஜினி பக்கத்துச் சீற்றைப் பார்த்தாள்.

"அவ நித்திரை, அம்மா."

"ஐயோ, அப்ப எழுப்பாத." அம்மா உடனே குரலைத் தணித்துக்கொண்டாள், வவுனியாவில் இருந்து கதைக்கிற சத்தத்தில் இங்கே யாருடையவோ நித்திரை குழம்பிவிடும் என்பதுபோல. "பாவம், களைச்சுப்போயிருப்பாள். நீயும் சத்தம் போடாமல் இரு."

"ஓம் அம்மா" என்று நிரோஜினியும் குரலைத் தணித்தே சொன்னாள்.